வீடியோ டிகோடர் ப்ராஜெக்ட் எடுத்தால் ஏஐ சிப் ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

ஃப்ளிப்ஃப்ளாப்:

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) படிக்கிறேன். ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற நேரம். கைடு ரெண்டு தலைப்பு சொல்லியிருக்கிறார். ஒன்று, எச்.265 என்ற வீடியோ சுருக்கத் தரநிலைக்கான டிகோடரில் என்ட்ரோபி டிகோடிங் பகுதியை (சுருக்கிய பிட்களைத் திரும்ப விரிக்கிற கட்டம்) வெரிலாக் என்ற வன்பொருள் மொழியில் எழுதி, எஃப்.பி.ஜி.ஏ. என்ற மாற்றியமைக்கக்கூடிய சிப்பில் ஓட்டுவது. இன்னொன்று, ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் ஆக்சிலரேட்டர், அதாவது ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் தனிச் சர்க்யூட். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் "வீடியோ எல்லாம் பழைய கதை, பேசாமல் ஏஐ எடு" என்கிறார்கள்.

எனக்கு பிஎச்.டி. முடித்து, முடிந்தால் பேராசிரியராகி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏஐ வன்பொருளில் வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. அந்தத் துறையில் பெயர் எடுத்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று தேடினேன். எம்ஐடி பேராசிரியர் விவியன் ஸீயின் கட்டுரைப் பட்டியலைப் பார்த்தால் முதல் பாதி முழுக்க வீடியோ கம்ப்ரஷன், பிற்பாதி முழுக்க நியூரல் நெட்வொர்க். நடுவில் என்ன ஆச்சு? துறை மாறினாரா? சரியான நேரத்தில் சரியான பஸ்ஸில் ஏறிய அதிர்ஷ்டமா? நான் வீடியோ எடுத்தால் பின்னால் மாட்டிக்கொள்வேனா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_டேப்அவுட்:

துறை மாறவே இல்லை என்பதுதான் என் பதில். கடைக்கு மேலே இருக்கும் போர்டு மாறியது, உள்ளே அதே வியாபாரம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு கம்பெனியில் எஸ்ரேம் (சிப்புக்குள் இருக்கும் மெமரி) டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு பல்கலைக்கழக லேபில் சிப் டெஸ்டிங் பார்க்கிறேன். நான் பேராசிரியர் இல்லை. அவர்கள் பிழைப்பைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவன்.

ஸீ 2004ல் டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் வாங்கினார். அப்புறம் எம்ஐடி: 2006ல் முதுநிலை, 2010ல் முனைவர். வழிகாட்டி அனந்த சந்திரகாசன். ஆமாம், நம்ம சென்னையில் பிறந்தவர்தான், இப்போது எம்ஐடியின் புரவோஸ்ட் (கல்வித் தலைவர்). சந்திரகாசனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தக் கதை நகராது. பெர்க்லியில் மாணவராக இருந்தபோது சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ரெண்டு பேரோடும் சேர்ந்து 1992ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் லோ பவர் பாடம் எடுக்கிறவர்கள் முதல் வாரத்தில் அதைத்தான் கையில் கொடுக்கிறார்கள். ஒரு சர்க்யூட்டை வேகமாக ஓட்டாதே, அதையே ரெண்டாக வைத்து ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓட்டு என்பது அதன் சாரம். மெதுவாக ஓடினால் போதும் என்றால் வோல்டேஜை இறக்கலாம். ஸ்விட்சிங் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது, அதனால் லாபம் பெரிது. அவர்கள் எடுத்துக்காட்டில் 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டுக்கு இறக்கியதும் மின்திறன் 0.36 பங்காகக் குறைந்தது. சிப்பில் பிடிக்கும் இடமோ 3.4 மடங்கு ஆனது. அதாவது சிலிக்கானைக் கொடுத்து மின்சாரத்தை வாங்குகிறோம். வேகத்தைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் இப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும்.

அந்தப் பள்ளியில் படித்தவர் ஸீ. அவரும் சக மாணவர்களும் செய்த எச்.264 (எச்.265க்கு முந்தின தரநிலை) டிகோடர் சிப் 0.7 வோல்ட்டில் 720பி வீடியோவை ஓட்டியது. அதற்கு ஆன மின்திறன் 1.8 மில்லிவாட். 65 நானோமீட்டர் தயாரிப்பு முறை, 2009ல் வெளியான கட்டுரை.

இனி உங்கள் முதல் தலைப்புக்கு வருகிறேன். டிகோடரில் மற்ற எல்லாப் பகுதியையும் ரெண்டாகவோ நாலாகவோ பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். என்ட்ரோபி டிகோடிங் மட்டும் மசியாது. அதற்கான கேபேக் என்ற முறையில் ஒவ்வொரு பின்னையும் (ஒரு பூஜ்யம் அல்லது ஒன்று) டிகோட் பண்ணியதும் நிகழ்தகவு அட்டவணை மாறுகிறது, அது மாறிய பிறகுதான் அடுத்த பின் என்ன என்றே சொல்ல முடியும். முந்தினது முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது. அப்படியானால் அந்த ஒரு பகுதியை மட்டும் வேகமாக ஓட்ட வேண்டும், அதற்கு வோல்டேஜ் ஏற வேண்டும். இறக்கிய வோல்டேஜ் எல்லாம் அங்கே வீணாகிறது.

சர்க்யூட் ஆள் இந்த இடத்தில் என்ன செய்வார்? கிடைத்த தரநிலைக்குள் முட்டி மோதி கொஞ்சம் வேகம் கூட்டுவார். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஸீ தரநிலையையே மாற்றப் போனார். முனைவர் ஆய்விலேயே அதற்கான இணை அல்காரிதங்களைப் பார்த்தார். 2010லிருந்து 2013 வரை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்தபோது எச்.265 உருவாக்கிய கூட்டுக்குழுவில் உட்கார்ந்து கேபேக்கையே திருத்துகிற வேலையில் முக்கியப் பங்கு எடுத்தார். நிகழ்தகவு பார்க்க வேண்டிய பின்களைக் குறைப்பது, பார்க்கத் தேவையில்லாதவற்றை ஒரே இடத்தில் வரிசையாக அடுக்கி ஒரே கிளாக்கில் பலவற்றை விழுங்க விடுவது, இப்படிப்பட்ட மாற்றங்கள். எச்.264ல் 441 கான்டெக்ஸ்ட் (நிகழ்தகவு அட்டவணையின் வரிகள்) இருந்தது, எச்.265ல் 154. அந்தக் குழுவுக்கு 2017ல் எம்மி பொறியியல் விருது கூடக் கிடைத்தது. டிவி நடிகர்களுக்குக் கொடுக்கிற அதே எம்மிதான். ஹார்ட்வேர் ஆள்களுக்கு இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம்.

அல்காரிதம் எழுதுகிறவர் ஒரு பக்கம், அதைச் சிப்பாக்குகிறவர் ஒரு பக்கம் என்று சுவர் கட்டியிருந்த இடத்தில் அவர் வாசல் வைத்தார். 2013ல் எம்ஐடியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் என்ற நியூரல் நெட்வொர்க் வந்து எல்லாரையும் உலுக்கியிருந்தது.

ஏஐ பக்கம் போனதும் அவருக்கு முன்னால் இருந்தது பழைய கணக்குதான். 2014ல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் ஒரு அட்டவணை காட்டினார். 45 நானோமீட்டரில் 8 பிட் எண்கள் ரெண்டைக் கூட்ட 0.03 பிகோஜூல், பெருக்க 0.2 பிகோஜூல். சிப்புக்கு வெளியே இருக்கும் டிரேம் மெமரியில் இருந்து 64 பிட்டை எடுத்துவரவோ 1300 முதல் 2600 பிகோஜூல். பெருக்கலுக்கு ஆகிற செலவு சில்லறை, சுமைகூலிதான் சொத்தைக் கரைக்கிறது. நியூரல் நெட்வொர்க் என்பது பல கோடி பெருக்கல் கூட்டல். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, ஒரு பிக்சல், ஒரு பாதிக்கூட்டல் மதிப்பு எங்கிருந்தோ வர வேண்டும், விடை எங்கேயோ போக வேண்டும்.

ஐரிஸ் சிப் இதற்கான பதில். யூ-ஸின் சென், ஜோயல் எமர், துஷார் கிருஷ்ணா, ஸீ சேர்ந்து செய்தது, 2016ல் வெளிவந்தது. 65 நானோமீட்டரில் 168 கணிப்பு அலகுகள், 14க்கு 12 என்று கட்டம் கட்டமாக. அலெக்ஸ்நெட்டின் கான்வல்யூஷன் அடுக்குகளை (படத்தின் மேல் ஒரு சிறு எடைக் கட்டத்தை, அதாவது ஃபில்டரை, நகர்த்திப் பெருக்கிக் கூட்டுபவை) வினாடிக்கு சுமார் 35 படம் என்று ஓட்ட 278 மில்லிவாட்.

எண்களை விடுங்கள், உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒரு அலகை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஃபில்டரின் ஒரே ஒரு வரிசை உட்கார்ந்திருக்கிறது, மூன்று எடைகள் என்று வையுங்கள். படத்தின் ஒரு வரிசையில் ஐந்து பிக்சல். முதல் மூன்று பிக்சலோடு மூன்று எடையையும் பெருக்கிக் கூட்டினால் ஒரு பாதிக்கூட்டல். அப்புறம் முதல் பிக்சலைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலாவதை உள்ளே விடு. எடைகள் அசையவில்லை, ரெண்டு பிக்சல்கள் ஏற்கனவே உள்ளேயே இருக்கின்றன, புதிதாக வந்தது ஒன்றுதான். இன்னொரு தடவை நகர்த்தினால் மூன்றாவது விடை. ஒன்பது பெருக்கல் முடிந்தது, வெளியிலிருந்து வந்தது எட்டே எண்கள். மூன்றுக்கு ஐந்து என்பதால் லாபம் சிறிதாகத் தெரிகிறது. உண்மையான படத்தில் ஒரு வரிசைக்கு நூற்றுக்கணக்கான பிக்சல், அதே மூன்று எடை.

இப்போது பக்கத்து அலகுகளைச் சேருங்கள். ஒரே ஃபில்டர் வரிசை கிடைமட்டமாக எல்லா அலகுக்கும் போகிறது. ஒரே பட வரிசை மூலைவிட்டமாகப் போகிறது. பாதிக்கூட்டல்கள் செங்குத்தாக ஒன்றின் மேல் ஒன்று கூடிக்கொண்டே நகர்கின்றன. மூன்று வகை டேட்டாவுக்கும் ஒரே நேரத்தில் மறுபயன்பாடு. இதற்கு முன்னால் வந்த டிசைன்கள் பெரும்பாலும் எடையை மட்டும் நிறுத்திவைத்தன, இல்லையென்றால் விடையை மட்டும். அவர்கள் கணக்கில் உள்ளே இருக்கும் சின்ன ரெஜிஸ்டரில் இருந்து எடுப்பது 1 என்றால், பக்கத்து அலகிலிருந்து எடுப்பது 2, நடுவில் இருக்கும் பஃபரிலிருந்து 6, டிரேமிலிருந்து 200. இந்த நாலு எண்ணையும் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள் என்று எங்கள் லேபுக்கு வரும் மாணவர்களிடம் சொல்வேன்.

இன்னொன்று. பிக்சல் மதிப்பு பூஜ்யம் என்றால் பெருக்கலையே நிறுத்திவிடுகிறது சிப். டிரேமுக்குப் போகும்போது பூஜ்யங்களைச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கும் முறை வீடியோக்காரர்கள் தினமும் கையாளும் ரன் லெங்த் கோடிங். வீடியோவில் பத்து வருஷம் ஊறியவர் கைக்கு அது முதலில் அகப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.


நானோ_சந்தேகம்:

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கொஞ்சம் குளிர்ந்த தண்ணி ஊத்துறேன், கோச்சுக்காதீங்க. 65 நானோமீட்டர்ல 35 ஃபிரேம் அலெக்ஸ்நெட் இன்னைக்கு யாருக்கு வேணும்? அதே நேரத்துல கூகுள் டி.பி.யூ.ங்கற ஏஐ சிப்பைப் போட்டு டேட்டா சென்டர்ல ஓட்டிட்டே இருந்தாங்க. 65,536 பெருக்கல் அலகு, 28 நானோமீட்டர், ஆரம்பிச்சு 15 மாசத்துல கையில. பேராசிரியர் சிப்பு மாநாட்டு மேடையில, கம்பெனி சிப்பு கோடிக்கணக்கான ஆளுங்க கையில. தம்பி பேராசிரியர் ஆகணும்னு ஆசைப்படறார், இதையும் சொல்லித்தான் ஆகணும். நான் இண்டஸ்ட்ரில இருக்கேன், எங்களுக்குப் பேப்பர் வேணாம், யீல்டு (தேறி வர்ற சிப்போட சதவீதம்) வேணும்.


ஃப்ளிப்ஃப்ளாப்:

பழைய_டேப்அவுட் அண்ணா, ரொம்ப நன்றி. வரைந்து பார்த்தேன், மூலைவிட்டம் ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

ஒரு சந்தேகம். சுமைகூலிதான் பெரிது என்றால் எடைகளைக் குறைத்துவிட்டால் வேலை முடிந்ததே? ஸ்குவீஸ்நெட் மாதிரி குட்டி நெட்வொர்க்கில் அலெக்ஸ்நெட்டை விட 50 மடங்கு குறைவான எடைகள்தான். அப்புறம் எதற்கு விசேஷ சிப்?


பழைய_டேப்அவுட்:

ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதில்.

ஃப்ளிப்ஃப்ளாப், நீங்கள் கேட்ட கேள்வியையே ஸீயின் மாணவர் டியென்-ஜூ யாங் கேட்டு, மூவரும் அளந்து, 2017ல் வெளியிட்டார்கள். மூன்றாமவர் யூ-ஸின் சென். ஸ்குவீஸ்நெட்டில் எடைகள் 50 மடங்கு குறைவு, ஆனால் ஆற்றல் செலவு அலெக்ஸ்நெட்டை விட அதிகம். காரணம் எளிது. எடைகள் குறைந்தாலும் நடுவில் உருவாகும் ஃபீச்சர் மேப்கள் (ஒவ்வொரு அடுக்கின் விடைகள்) குறையவில்லை. அடுக்குகள் கூடிவிட்டன, ஒவ்வொரு அடுக்கின் விடையும் வெளியே போய் உள்ளே வர வேண்டும். எடையின் எண்ணிக்கையைப் பார்த்து ஆற்றலை ஊகிப்பது, ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் கல்யாணச் சமையல் செலவைச் சொல்வது மாதிரி. யார் எத்தனை தடவை பந்தியில் உட்காருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

அந்தக் குழு இதைத் தலைகீழாகப் போட்டது. ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு ஆற்றல் தின்கிறது என்று கணக்கெடுத்து, அதிகம் தின்கிற அடுக்கிலிருந்து எடைகளைக் கத்தரிக்கத் தொடங்கினார்கள். அலெக்ஸ்நெட்டின் ஆற்றல் 3.7 மடங்கு குறைந்தது, துல்லியத்தில் பெரிய இழப்பு இல்லை. எச்.265ல் செய்த அதே காரியம்தான். ஹார்ட்வேரில் வலிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, மருந்தை அல்காரிதத்துக்குக் கொடுப்பது. இதனால்தான் துறை மாறவில்லை என்றேன்.

நானோ_சந்தேகம், நீங்கள் சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஐரிஸை யாரும் கடையில் வாங்கப் போவதில்லை. வாங்கவும் வேண்டாம். டி.பி.யூ.வை எடுத்துக்காட்டாகச் சொன்னீர்கள். அதன் இதயம் சிஸ்டாலிக் அரே: டேட்டாவைப் பக்கத்து அலகுக்குக் கைமாற்றிக்கொண்டே கணக்கு போடும் கட்டம். ஹெச்.டி. குங், சார்லஸ் லீசர்சன் ரெண்டு பேரும் 1978ல் கார்னகி மெல்லனில் இருந்து எழுதியது. அப்போது அதை ஓட்ட ஆள் இல்லை, நியூரல் நெட்வொர்க் இந்த அளவில் இல்லை, பொதுவான சி.பி.யூ.வே வருஷத்துக்கு வருஷம் வேகம் கூடிக்கொண்டிருந்தது, தனிச் சிப்புக்குத் தேவையே வரவில்லை. 1974ல் ராபர்ட் டென்னார்ட் சொன்ன விதிப்படி டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க வோல்டேஜும் இறங்கிக்கொண்டே வந்தது, அந்த இலவசச் சாப்பாடு 2005 வாக்கில் நின்றது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் பழைய கட்டுரைகளைத் தூசி தட்டினார்கள். கூகுள் 15 மாதத்தில் செய்தது உண்மை. அந்த 15 மாதத்துக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகத்தின் 35 வருஷம் இருந்தது.

65 நானோமீட்டர் கேலிக்கும் ஒரு பதில். 3 நானோமீட்டருக்குப் போனால் 1, 2, 6, 200 என்ற விகிதம் நல்லபடியாக மாறிவிடும் என்று நினைக்கிறீர்களா? கணக்கு போடும் பகுதி சுருங்குகிற வேகத்தில் எஸ்ரேம் சுருங்குவதில்லை, அதை வடிவமைத்துத் தேய்ந்தவன் சொல்கிறேன். வெளியே போகும் கம்பியோ சுருங்கவே மாட்டேன் என்கிறது. புதிய நோடில் (தயாரிப்புத் தலைமுறையில்) பெருக்கல் இன்னும் மலிவாகிறது, சுமைகூலியின் பங்கு இன்னும் ஏறுகிறது. பழைய நோடில் கற்ற பாடம் புதிய நோடில் கூடுதலாகத்தான் பொருந்தும்.

உங்கள் இண்டஸ்ட்ரியைப் பற்றியும் ஒன்று. ஒரு வாட்டுக்கு இத்தனை டாப்ஸ் (வினாடிக்கு இத்தனை லட்சம் கோடி கணக்கு) என்று விளம்பர ஏட்டில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, அதை மட்டும் பார்க்காதீர்கள் என்று ஸீயும் அவர் குழுவும் 2020ல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்கள். எந்த நெட்வொர்க், துல்லியம் என்ன, அலகுகளில் எத்தனை சதவீதம் வேலை செய்துகொண்டிருந்தது, டிரேம் செலவைச் சேர்த்தீர்களா, ஒரே படமா இல்லை பல படங்களைச் சேர்த்து ஓட்டினீர்களா. இவ்வளவையும் கேட்டால் பாதி விளம்பரம் காற்று போன பலூன். டிரேமைச் சேர்க்காமல் சிப்பின் ஆற்றலை மட்டும் அளந்து காட்டுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. நான் டெஸ்ட் பண்ணுகிற மேசையில் டிரேமுக்கு வேறு சப்ளை, சிப்பின் கோருக்கு வேறு சப்ளை. எந்த மீட்டரைப் பார்த்து எழுதுகிறோம் என்பதிலேயே முழுக் கட்டுரையும் மாறிவிடும்.

டெஸ்டிங் பேச்சு வந்ததால் சொல்கிறேன், பேராசிரியர் ஆக ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிசைனை ஃபவுண்டரிக்கு (சிப் தயாரிக்கும் ஆலை) அனுப்பினால் சிப் மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்பி வரும். தேதி தவறினால் அடுத்த ஷட்டில் (பலரின் டிசைன்களைச் சேர்த்துத் தயாரிக்கும் தடவை) வரை காத்திரு. வந்ததும் நேரே நெட்வொர்க்கை ஓட்ட மாட்டோம். கரண்ட் லிமிட்டைக் கீழே வைத்து, கிளாக் கொடுக்காமல், வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கசிவு மின்னோட்டம் சிமுலேஷன் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். எகிறினால் எங்கோ ஷார்ட், அன்றைக்கு யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சரியாக இருந்தால் ஸ்கேன் செயினில் (சோதனைக்காகச் சிப்புக்குள் கோத்த ரெஜிஸ்டர் சங்கிலி) ஒரு வரிசை ஒன்று பூஜ்யம் அனுப்பி அதே வரிசை திரும்ப வருகிறதா என்று பார்ப்போம். அப்புறம் ஷ்மூ: ஒரு பக்கம் வோல்டேஜ், ஒரு பக்கம் ஃபிரீக்வன்சி, ஒவ்வொரு கட்டத்திலும் தேறியதா தோற்றதா. பச்சையும் சிவப்பும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் மாணவரின் நாலு வருஷ உழைப்பு தெரியும். 1992 கட்டுரையின் மொத்த வாதமும் அந்தக் கோட்டின் இடது கீழ் மூலையில் இருக்கிறது, வோல்டேஜ் எவ்வளவு தூரம் இறங்கிய பிறகும் சிப் வேலை செய்கிறது என்பதில்.

நிதி தேடுவது, விண்ணப்பம் எழுதுவது எல்லாம் எல்லாப் பேராசிரியருக்கும் உள்ள தலைவலி, அதை விடுவோம்.

அவருடைய பிற்கால வேலையில் எனக்குப் பிடித்தது ரெண்டு. ஒன்று நேவியன். விமானவியல் பேராசிரியர் செர்டாச் காரமானோடு சேர்ந்து செய்தது, 2018ல் வெளியானது. உள்ளங்கையில் அடங்கும் ட்ரோனுக்குக் கேமராவையும் அசைவு உணரியையும் வைத்து, நான் எங்கே இருக்கிறேன் என்று கணக்கிடும் சிப். 20 சதுர மில்லிமீட்டர், சராசரியாக 24 மில்லிவாட். அங்கேயும் பழைய சூத்திரம்தான், வெளி மெமரியே வேண்டாம் என்கிற அளவுக்கு டேட்டாவைச் சுருக்கி எல்லாவற்றையும் சிப்புக்குள்ளேயே அடக்கினார்கள். இதில் நியூரல் நெட்வொர்க்கே கிடையாது என்பதையும் கவனியுங்கள். "ஏஐ எடு" என்று சொல்லும் உங்கள் நண்பர்கள் பார்க்க வேண்டிய சிப் அது.

இன்னொன்று சிப்பே இல்லை, ஒரு கணக்கு. சௌம்யா சுதாகர் என்ற மாணவி, காரமான், ஸீ மூவரும் 2023ல் வெளியிட்டது. உலகில் 100 கோடி தானோட்டிக் கார்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு மணி நேரம், உள்ளே இருக்கும் கணினி 840 வாட் இழுத்தால், அந்தக் கணினிகள் மட்டும் அப்போதைய டேட்டா சென்டர்கள் அளவுக்குப் பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் கொடுக்கும். மில்லிவாட்டில் தொடங்கியவர் கடைசியில் எந்த அளவுகோலில் பேசுகிறார் பாருங்கள்.


பிட்லைன்:

இந்தத் திரியை இப்போதுதான் பார்த்தேன். பழைய_டேப்அவுட் சொல்லும் சுமைகூலிக்கு இன்னொரு தீர்வை அவர் தொடவே இல்லை. எடைகளை எடுத்துவரவே வேண்டாம், மெமரிக்குள்ளேயே பெருக்கிவிடலாம். பிட்லைனில் (மெமரியின் ஒரு நெடுவரிசைக்குப் பொதுவான கம்பி) பல வரிகளை ஒரே நேரத்தில் திறந்தால் மின்னோட்டங்கள் தாமாகவே கூடிவிடும், கூட்டலுக்குத் தனி சர்க்யூட் வேண்டாம். இல்லினாய்ஸில் நரேஷ் ஷன்பாக் குழு 2014லேயே எஸ்ரேமில் இதை ஆரம்பித்தது. என் பிஎச்.டி. இதில்தான். ஃப்ளிப்ஃப்ளாப், பேராசிரியர் பாதை வேண்டும் என்றால் இன்னும் முடிவு தெரியாத விஷயத்தில் இறங்குங்கள். டிஜிட்டல் ஆக்சிலரேட்டர் இப்போது ஏறக்குறைய இண்டஸ்ட்ரி சொத்து.


பழைய_டேப்அவுட்:

பிட்லைன், வேண்டுமென்றேதான் தொடவில்லை, தொட்டால் திரி இரவு முழுக்க ஓடும். ஒரே ஒரு கேள்வி. கூடிய மின்னோட்டத்தைத் திரும்ப எண்ணாக மாற்ற ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஏ.டி.சி. என்ற மாற்றி வேண்டுமே, அதன் ஆற்றலையும் இடத்தையும் யார் தருகிறார்கள்? துல்லியம் ஒரு பிட் கூட வேண்டுமென்றால் ஏ.டி.சி. செலவு எகிறுகிறது. பல கட்டுரைகளில் அரே மட்டும் அழகாக இருக்கும், ஏ.டி.சி.யைச் சேர்த்த முழு சிஸ்டம் கணக்கு ஓரமாக ஒரு வரியில் இருக்கும். முடிவு தெரியாத விஷயம் என்பதில் மட்டும் உங்களோடு முழு உடன்பாடு.


பிட்லைன்:

ஏ.டி.சி. பற்றிச் சொன்னது நியாயம். என் ஆய்வேட்டில் மூன்றில் ஒரு பங்கு அதைப் பற்றித்தான். முடிந்ததும் சண்டைக்கு வருகிறேன்.


நானோ_சந்தேகம்:

எஸ்ரேம் சுருங்கலைங்கறது உண்மைதான், அதை வெச்சுத்தான் எங்க ஃப்ளோர்பிளான் மீட்டிங்ல தினமும் அடிதடி. தம்பி, ஒரு நடைமுறை விஷயம் சொல்றேன். எந்தத் தலைப்பு எடுத்தாலும் சிப் வரைக்கும் ஒரு தடவையாவது போய்ப் பாருங்க. 2020ல ஸ்கைவாட்டர்ங்கற சிப் ஆலையோட 130 நானோமீட்டர் டிசைன் கிட்டை கூகுள் உதவியோட இலவசமாத் திறந்துவிட்டாங்க. ஓப்பன்லேன்ங்கற இலவச டூல்ல வெரிலாக் கொடுத்தா லேஅவுட் வரைக்கும் வருது. டைனி டேப்அவுட்ல குட்டி டிசைனை மத்தவங்களோட சேர்த்து ஒரே சிப்புல போட்டுத் தர்றாங்க. இன்டர்வியூல நான் முதல்ல கேக்கறது அதைத்தான், டைமிங் வயலேஷன் (சிக்னல் கிளாக்குக்குள்ள வந்து சேராதது) எங்க வந்துச்சு, என்ன பண்ணீங்கன்னு. அது எஃப்.பி.ஜி.ஏ.வோட நின்னவங்களுக்குத் தெரியாது.


ஃப்ளிப்ஃப்ளாப்:

எல்லாருக்கும் நன்றி. என்ட்ரோபி டிகோடரையே எடுப்பதாகக் கைடிடம் சொல்லிவிட்டேன். ஒரு நிபந்தனையோடு: வேகம் மட்டும் இல்லாமல், ஒவ்வொரு பின்னுக்கும் எத்தனை மெமரி அணுகல் நடக்கிறது என்று எண்ணி, ஆற்றல் கணக்கும் போடப் போகிறேன். கைடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "அது வேலை அதிகமாச்சே" என்றார், மறுக்கவில்லை.

எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது? 154 கான்டெக்ஸ்ட்டும் ரெஜிஸ்டரில் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. அப்படியானால் மெமரி செலவே இல்லையா?


பழைய_டேப்அவுட்:

இருக்கிறது, வேறு இடத்தில். ஒரு கான்டெக்ஸ்ட்டுக்கு 7 பிட், 154ஐயும் சேர்த்தால் 1,078 பிட். ரெஜிஸ்டரில் அடங்கும். ஆனால் ஒவ்வொரு கிளாக்குக்கும் அத்தனையும் துடித்தால் அந்தக் கிளாக் செலவே உங்களைத் தின்றுவிடும், அதனால் கிளாக் கேட்டிங் (வேலையில்லாத ரெஜிஸ்டருக்குக் கிளாக்கை நிறுத்துவது) போடாமல் அளக்காதீர்கள். அதற்கு மேல், எந்தக் கான்டெக்ஸ்ட் என்று தேர்ந்தெடுக்கச் சில இடங்களில் மேலே இருக்கும் பிளாக்கின் தகவல் வேண்டும். படத்தின் அகலம் முழுக்க அதைச் சேமித்துவைக்கும் லைன் பஃபர் ஒன்று வரும். அது படம் பெரிதாகப் பெரிதாக வளரும், ரெஜிஸ்டரில் அடங்காது, எஸ்ரேமுக்குப் போயே தீர வேண்டும். அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். எச்.264க்கு அதே லைன் பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று பக்கத்திலேயே ஒரு நெடுவரிசை போட்டு வைத்தால், தரநிலையில் யார் எதை எதற்காக மாற்றினார்கள் என்பது உங்கள் அட்டவணையிலேயே தெரியும். டைம்லூப், அக்செலர்ஜி என்ற ஆற்றல் மதிப்பீட்டு மென்பொருள்கள் ரெண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, நியூரல் நெட்வொர்க்குக்காக எழுதியவை என்றாலும் அக்செலர்ஜியில் உங்கள் பாகங்களை நீங்களே வரையறுத்து அணுகல் எண்ணிக்கையைக் கொடுத்தால் ஆற்றலைக் கூட்டித் தரும்.

எண்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள். டிரேமைச் சேர்த்தா சேர்க்காமலா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் நானோ_சந்தேகம் விட மாட்டார்.